எச்சில் டாக்டர்

நேற்று சொன்ன பேச்சைக் கேட்ட அழுக்கு இன்று ஏன் முரண்டு பிடிக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஓவியத்தில் இரண்டு படகோட்டிகள். இடது பக்கத்தவன் முகம் நேற்றே பளிச்சென்று வெளிவந்துவிட்டது. வலது பக்கத்தவன் இன்னும் புகையேறிய சமையலறைச் சுவர் மாதிரி இருந்தான். அதே வண்ணம், அதே அழுக்கு, அதே பஞ்சு. நாளைக் காலை கண்காட்சி. மாலைக்குள் முடியாவிட்டால் ஓவியம் கிடங்குக்குத் திரும்பிவிடும். சுத்தம் செய்தவர் என்று பன்னிரண்டு வருட வேலையில் முதன்முறையாக அவள் பேரைப் போட்டு அச்சடித்த அட்டையும் கூடவே போய்விடும்.

பழைய எண்ணெய் ஓவியத்தில் படிந்த புகைக்கும் கைப்பிசுக்குக்கும் பல சமயம் எச்சிலைப் போல நயமான மருந்து கிடையாது. சாப்பிட்டதைக் கரைக்க உதவும் அதன் நொதிகள் பிசுக்கையும் இளக்கும், வண்ணத்தைச் சீண்டாது. குச்சியில் பஞ்சைச் சுற்றி, வாயில் நனைத்து, மெல்ல உருட்ட வேண்டும். ஒரு பஞ்சு ஒரு தடவைதான். அழுக்கானது மறுபடி வாய்க்குப் போகாது. கடைசியில் சுத்தமான நீரால் ஒற்றி எடுத்தால் முடிந்தது.

"என்ன எச்சில் டாக்டரே, கைராசி போயிடுச்சா?" ஏணியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் கேட்டான். அதே அருங்காட்சியகத்தில் அவன் எலக்ட்ரீஷியன்.

"நீ உன் பல்பைப் பாருண்ணே."

"நேத்து மட்டும் எப்படி வந்துச்சாம்?"

அதுதான் அவளையும் குடைந்தது. நேற்று இந்தப் பணியறையின் கண்ணாடிச் சுவரில் திரை மூடியிருந்தது. பார்வையாளர்களும் வேலையைப் பார்க்கட்டும் என்று இன்று அதிகாரி திறக்கச் சொல்லிவிட்டார். அத்தனை பேர் முன்னால் குச்சியை வாயில் வைக்கக் கூச்சப்பட்டு, காலையிலேயே ஒரு சின்னப் புட்டியில் எச்சிலைச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

புட்டியைத் தொட்டாள். ஏசியில் சில்லிட்டிருந்தது.

"அண்ணே, ஆறிப்போச்சு! உடம்புச் சூட்டுலதான் இது முழுமூச்சா வேலை செய்யும்."

"அப்போ திரையை மூடிடவா?"

வெளியே ஒரு குடும்பமே கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது.

"எதுக்கு மூடணும்? இது என் தொழில். நல்லாப் பாக்கட்டும்."

நிமிர்ந்து உட்கார்ந்து, புதுப் பஞ்சை வாயில் நனைத்து, படகோட்டியின் கன்னத்தில் உருட்டினாள். பஞ்சு பழுப்பானது. மூன்றாவது பஞ்சில் கன்னத்தின் செம்மை தெரிந்தது. புட்டி வேண்டாம், ஒவ்வொரு தடவையும் புதுப் பஞ்சு, சூடு ஆறுமுன் வாயிலிருந்து நேராக ஓவியத்துக்கு. அவ்வளவுதான்.