புகைக்குழாயின் நான்கு துளைகள்

...இல்லை, ரிவிட் ஆணி கழன்று விழுந்திருந்தால் தடம் இருந்திருக்கும், அதன் தலை அழுத்திய இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம், இங்கே ஒன்றுமே இல்லையே... எர்சிரா தகரக் குழாயைக் கொட்டகை ஜன்னலின் மழை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்கு துளைகள். சுற்றிலும் ஒரு கீறல் கிடையாது, கரி மட்டும் வெளியே வழிந்து காய்ந்திருந்தது. அப்படியென்றால் அவள் கணவன் அவுதிலியோ துளை போட்டான், ரிவிட் அடிக்கவே இல்லை. சமையலறை அடுப்பிலிருந்து மாடி அறை வழியாகக் கூரைக்குப் போகிற குழாய், அது அலமாரிக்குப் பின்னால் வளைகிற முழங்கை, அங்கிருந்து இரண்டடியில் அவள் தலையணை. சும்மா செருகி வைத்தது ஒரு விரல் அகலம் நழுவியிருக்கிறது... போன மாதம் மதியம் படுத்தவள் தானாக எழுந்திருக்கவில்லை. ஈஸ்ட் கேட்டு வந்த நொல்ஃபா, பக்கத்து வீட்டில் இருக்கும் அவன் தங்கை, மாடியேறி வந்து இழுத்துப் போட்டாள். காற்று புகையைத் திருப்பி அடித்திருக்கும் என்று வேலை பார்க்கும் சால்மன் மீன் பண்ணையிலிருந்து போனில் சொன்னான் அவன். இன்று காலை கரி தட்டக் குழாயைக் கழற்றும் வரை அதை நம்பினாளே, எப்படி நம்பினாள்?

மதியப் படகில் வருகிறான், பதினாலு நாள் வேலை முடிந்து. அதற்குள் மாட்டிவிட வேண்டும். குறட்டால் குழாயின் விளிம்பைச் சிறு சிறு மடிப்பாக நெளித்தாள், அப்போதுதான் ஒன்றுக்குள் ஒன்று இறுகும். காகிதம் மாதிரித் தகரம், கொஞ்சம் அழுத்தினால் கிழியும். துளைக்கு நேர் துளை வைத்து, ரிவிட்டை நுழைத்து, இடுக்கியின் இரண்டு பிடியையும் நெருக்கினாள். டக். அந்தச் சத்தம்... அவன் குழாய் மாட்டிய அன்றைக்குக் கேட்டதா? அவன் மேலே முக்காலியில் நின்றான், அவள் குழாயைத் தாங்கிப் பிடித்திருந்தாள், பிறகு நீ போ நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான், கீழே வந்து உருளைக்கிழங்கு துருவினாள், டக் என்று கேட்டதா கேட்கவில்லையா, மழை பெய்ததே, மழையில் என்ன கேட்கும். அதற்கு இரண்டு நாள் முன்புதான் சாப்பாட்டு மேசையில் சொன்னாள், குளிர்காலம் முடிந்ததும் புந்தா அரேனாஸில் அக்கா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவதாக இல்லை என்று. அவன் கத்தவில்லை. ரொட்டியை மூன்றாக வெட்டித் தட்டில் அடுக்கினான், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் இன்றைக்கு இந்தச் சந்தேகம் இருந்திருக்காது. டக். டக். காலையில் நொல்ஃபாவிடம் காட்டியபோது அவள் சிரித்தே விட்டாள். "அண்ணி, எங்கண்ணன் கல்யாணத்தன்னிக்கே மோதிரத்த வீட்ல வச்சிட்டு சர்ச்சுக்கு வந்த ஆளு. அவன் மறக்கலேன்னாத்தான் அதிசயம்." மறதிதான். மறதியாகத்தான் இருக்க வேண்டும். பதினோரு வருஷம் ஒரே போர்வைக்குள் படுத்த மனுஷன்... டக்.

குழாயை மாட்டி, இணைப்பைச் சுற்றி அடுப்புச் சாந்து பூசி, உலர விட்டு, சின்னதாகத் தீ மூட்டினாள். முழங்கையைச் சுற்றி மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய்ப் பார்த்தாள், சுடர் அசையவில்லை, புகை கசியவில்லை. வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம். ஈரத் தொப்பியோடு உள்ளே வந்தான், கன்னத்தில் முத்தமிட்டான், உதடு சில்லிட்டிருந்தது, அவள் மாத்தே இலைத் தேநீரைக் குவளையில் கலந்து நீட்டினாள், என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது, ஒன்றும் தெரியாதவள் போல,

"குழாய சரி பண்ணிட்டேன்," என்றாள்.

அடுப்பிலிருந்து கூரை வரை ஆறு மூட்டுகள். எது என்று அவள் சொல்லவில்லை.

"மாடி முழங்கையா?" என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது போலிருந்தது. குனிந்து மாத்தேயை உறிஞ்சினான், குவளை காலியான பிறகும் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுக்கவில்லை. நொல்ஃபா போன் செய்து சொல்லியிருப்பாளோ... இல்லை, அவள் வீட்டில் நேற்றிலிருந்தே போன் செத்துக் கிடக்கிறது. அப்படியானால் எப்போதிலிருந்து தெரியும் இவனுக்கு, படகில் ஏறும்போதா, அவள் மயங்கிய செய்தி வந்தபோதா, முக்காலியிலிருந்து இறங்கும்போதேவா? கேட்டுவிடலாம், ஒரே வார்த்தை. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். இவனும் பயந்திருக்கிறான். அவளை இழக்க இருந்ததற்கா, அவள் கண்டுபிடித்ததற்கா... இரண்டு பயத்துக்கும் முகம் ஒரே மாதிரித்தான் இருக்குமோ என்று நினைத்தபடியே, காலியான குவளைக்காகக் கையை நீட்டினாள்.