பதினோரு வருஷத்து மறைப்பு

அப்படியொன்றும் அழகியும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஒல்லிக்குச்சி, முன்பல் ஒன்று லேசாகத் தூக்கல், சிரித்தால் ஈறு தெரியும், ஆனாலும் இந்த லாவண்யா உடை மாற்றுகிற சௌகரியத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது... தினமும் காலை எட்டேகாலுக்கு ஸ்கூட்டரில் சுடிதாரோடு வருவாள், எங்கள் பள்ளியில் டீச்சர் என்றால் சேலைதான், கம்ப்யூட்டர் லேப் வந்தாலும் கம்ப்யூட்டர் டீச்சர் வந்தாலும் பிரின்ஸிபால் அம்மாள் இதில் மட்டும் அசையமாட்டார், அதனால் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் இந்த விளையாட்டு அறைக்குள், பச்சை பெயிண்ட் உரிந்த இரும்பு லாக்கர்களுக்கு நடுவே நின்று, பேசிக்கொண்டே சுடிதாரைக் கழற்றி, பேசிக்கொண்டே சேலையைக் கட்டி, பேசிக்கொண்டே வெளியே வந்துவிடுவாள். பெண்கள் மட்டும் வருகிற அறைதான், சரி, அதற்காக? ஒரு தடவைகூடச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றதில்லை, ஒரு தடவைகூட "யாராவது வராங்களா பாருங்க" என்று சொன்னதில்லை. ஈரோட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, ஆடுகோடி லேடீஸ் ஹாஸ்டலில் ஒரே அறையில் ஆறு பேராம், அங்கே பழகியிருக்கும். நாங்களும்தான் நீலசந்திராவில் ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தோம், எனக்கு ஏன் அந்தப் பழக்கம் வரவில்லை?

எட்டுப் பேரில் நான் ஒருத்திதான் பெண் பிள்ளை, அப்பாவும் தம்பிகளும் சித்தப்பாவும் ஒரு மூலைக்கு ஒருவராகப் படுத்திருக்கிற அறையில், பாவாடையைக் கழுத்துக்கு ஏற்றிப் பல்லால் கடித்துக்கொண்டு, அதற்குள்ளேயே ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போடுகிற வித்தையை அம்மா கற்றுக்கொடுத்தாள், "சுவத்துக்கும் கண்ணு இருக்குடி" என்பாள், பாவாடை நாடாவின் உப்புக் கரிப்பு இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் நான் புடவை மாற்றும்போது வீட்டுக்காரரை "பால் பொங்குதா பாருங்க" என்று வெளியே அனுப்புகிறேன், அடுப்பில் பாலே இல்லாத நாளிலும் அந்த மனுஷர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். உடம்பில் தழும்பா, படையா, ஒன்றுமில்லை, எல்லாருக்கும் இருக்கிற உடம்புதான், மறைக்க ஒன்றுமே இல்லாததை இத்தனை வருஷமாக மறைத்துக்கொண்டிருக்கிறேன். இது உஷாவுக்கு மட்டும்தான் தெரியும்.

உஷா... நான் சேர்ந்த வருஷம்தான் அவளும் சேர்ந்தாள், அவள் சோஷியல், இடது கையால் எழுதுகிறவள், நான் கணக்கு. முதல் ராஜ்யோத்ஸவத்துக்கு, நவம்பர் ஒன்றாம் தேதி கர்நாடகம் பிறந்த நாளுக்கு, எல்லா டீச்சர்களும் மஞ்சள் சிவப்புச் சேலைக்கு மாற வேண்டும், நான் இந்த அறையில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தேன், அவள் ஒன்றும் கேட்கவில்லை, தன் பழைய, மெல்லிய வாயில் துணிப் புடவையை இரண்டாக மடித்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் திரை மாதிரிப் பிடித்து, முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து "ஆச்சா ஜானகி?" என்றாள். அன்றிலிருந்து ஆண்டுவிழா, ராஜ்யோத்ஸவம், மழையில் நனைந்த நாள் என்று பதினோரு வருஷம், அந்தப் புடவை அவள் லாக்கரின் அடித்தட்டில் எனக்காகவே கிடக்கும். என் அம்மாவிடம்கூட அப்படி நிம்மதியாக நின்றதில்லை நான்.

அந்த உஷாதான் இப்போது லாவண்யாவின் உஷாக்கா! என்னைப் பார்த்தால் "மேடம்", அவளைப் பார்த்தால் "அக்கா", எனக்கும் உஷாவுக்கும் நடுவில் மூன்று மாசம்தான் வயசு வித்தியாசம். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என்னோடு காபி குடித்துக்கொண்டிருந்தவள், இப்போது நேரே இங்கே வந்து லாவண்யாவோடு கதவைச் சாத்திக்கொள்கிறாள், சேலைத் தலைப்பை ஒருத்திக்கு ஒருத்தி குத்திவிட்டுக்கொள்கிறார்கள், என்ன சிரிப்போ. திங்கட்கிழமையானால் கடைசி பீரியட் மணி அடித்ததும் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி எங்கேயோ போகிறார்கள், எங்கே என்று கேட்டால் "சும்மா, இங்கேதான்" என்கிறாள். பாடத்திலும் மனசு இல்லை, செவன் பி-யில் அவளுக்கு அடுத்த பீரியட் எனக்கு, போர்டின் கீழ்ப்பாதியில் மட்டும் நாலு வரி எழுதி வைத்திருப்பாள், மேல்பாதி துடைத்த மாதிரி அப்படியே கிடக்கும், எனக்கு அழிக்கிற வேலை மிச்சம் என்று நினைத்துக்கொள்வேன். போன மாசம் ராஜ்யோத்ஸவத்தன்று எனக்குப் புடவை பிடித்தபோதுகூட இடது பக்கம் தொங்கிப் போயிற்று, "தூங்குறியா உஷா" என்று கேட்டேன், சிரித்தாள். பழகப் பழகப் பாலும் புளிக்கும், நான் புளித்துவிட்டேன், அவ்வளவுதான்.

இன்றைக்கு ஸ்போர்ட்ஸ் டே. டீச்சர்களுக்கும் மாணவர்களின் அம்மாக்களுக்கும் த்ரோபால், போன வருஷம் சயின்ஸ் மிஸ் சேலை தடுக்கி விழுந்ததால் இந்த வருஷம் எல்லாருக்கும் டிராக் பேன்ட், டி-ஷர்ட். எட்டு வருஷமாக வலையோரம் நானும் உஷாவும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடினோம், இந்த வருஷம் "நான் ஸ்கோர் எழுதறேன், லாவண்யா ஆடட்டும்" என்று தன் இடத்தைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டாள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி இவளிடம் புடவை பிடி என்று கேட்கக் கூடாது என்று நேற்றே முடிவு செய்தேன், முடிவு செய்து என்ன பண்ணினேன் தெரியுமா, சொன்னால் சிரிப்பார்கள்... காலையில் வீட்டிலேயே டிராக் பேன்ட்டையும் டி-ஷர்ட்டையும் போட்டுக்கொண்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, அதன்மேல் பாவாடை, அதன்மேல் சேலை, அதன்மேல் கழுத்துவரை பட்டன் போட்ட ஸ்வெட்டர். டிசம்பர் மாசத்துப் பெங்களூரில் ஸ்வெட்டர் போட்டவளை யார் என்ன கேட்கப்போகிறார்கள்? பஸ்ஸில் ஏறவே காலை விரிக்க முடியவில்லை, கண்டக்டர் "மெல்ல மேடம், மெல்ல" என்று பிள்ளைத்தாச்சிக்குச் சொல்வது போலச் சொன்னான். ஒன்பதரைக்கு வெயில் வந்துவிட்டது. மார்ச் பாஸ்ட் முடிவதற்குள் ஸ்வெட்டருக்குள் வெந்துகொண்டிருந்தேன், அப்போதும் இந்த லாவண்யாதான் வந்து, "மேடம், இவ்ளோ வேர்க்குதே, ஸ்வெட்டரைக் கழட்டிடுங்களேன்" என்றாள். அவளுக்குக் கழற்றுவது சுலபம்.

வெளியே பி.டி. மாஸ்டர் கிருஷ்ணப்பா விசில் ஊதுகிறார், "மேடம், பேக பன்னி, மதர்ஸ் டீம் ரெடி!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்துகிறார், மற்ற டீச்சர்கள் எல்லாம் மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போயாயிற்று. நான் உள்ளே நுழைந்தபோது இவர்கள் இரண்டு பேர்தான். லாவண்யா டிராக் பேன்ட்டில், ஒரு காலில் மட்டும் ஷூவோடு, உஷாவின் தோளில் கை வைத்து ஏதோ அமுக்கிக்கொண்டிருந்தாள், உஷா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் சட்டென்று விலகினார்கள். விலகினால் என்ன அர்த்தம், எனக்குத் தெரியக் கூடாதது ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மூலைக்குப் போய் ஸ்வெட்டரையும் சேலையையும் உருவிப் போட்டால் வேலை முடிந்தது, எனக்கு யாரும் வேண்டாம், எந்தப் புடவையும் வேண்டாம், அப்படித்தான் வந்தேன், ஆனால் வாயிலிருந்து வேறு வந்தது. "உஷா, கொஞ்சம் பிடிக்கிறியா?" உனக்கு அவள் அக்காவாக இருக்கலாம் லாவண்யா, ஆனால் அவள் எனக்குத்தான் பிடிப்பாள், பார்த்துக்கோ... சின்னப் பிள்ளைகள் பென்சில் பாக்ஸுக்குச் சண்டை போடுகிற புத்திதான், தெரிகிறது, தெரிந்தும் கேட்டேன். உஷா ஒரு நிமிஷம் தயங்கினாள். அந்தத் தயக்கம் என்னைச் சுட்டது.

பிறகு லாக்கரைத் திறந்து அடித்தட்டிலிருந்து அந்த வாயில் புடவையை எடுத்து உதறினாள், பூச்சி உருண்டை வாசனை, இரண்டாக மடித்துத் தூக்கினாள், முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள், எல்லாம் பழைய மாதிரியே. நான் பின்னால் போய் நின்றேன். வலது பக்கம் தலைக்கு மேலே, இடது பக்கம் நெஞ்சளவுக்குத் தொங்கல். "நேராப் பிடி உஷா," என்றேன், வகுப்பில் பேசுகிற குரலில், லாவண்யாவும் கேட்கட்டும் என்று. இடது முனை கொஞ்சம் ஏறியது, நடுங்கியது, ஏறியது. "விடுங்கக்கா, விடுங்க," லாவண்யா ஒற்றை ஷூ தரையில் தட்டத் தட்ட ஓடி வருகிற சத்தம், "அந்தக் கையைத் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல, திங்கட்கிழமை மறுபடி திட்டு வாங்கணுமா? இதை நான் பிடிச்சுக்கறேன்." உஷாவின் குரல் தாழ்ந்தது. "சும்மா இரு. ரெண்டு நிமிஷம்தானே. பாவம், அவளுக்குக் கூச்சம்."

இடது முனை மேலே போயிற்று, இப்போது நேராக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம், புடவை நைந்த புடவை, இரண்டு பேரின் நிழலும் தெரிந்தது, ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிய இரண்டு கைகள், நடுவில் உஷாவின் இடது கை இடுப்போடு மடிந்து ஒட்டிக்கிடந்தது. போர்டின் மேல்பாதி... அந்த இடது கைக்கு எட்டாததால் எழுதவில்லை. திங்கட்கிழமை ஸ்கூட்டர் டாக்டரிடம் போகிறது. "தூங்குறியா" என்று கேட்டபோது அந்தக் கையோடுதானே பிடித்துக்கொண்டிருந்தாள், சிரித்தாளே, எப்படிச் சிரித்தாள், முகம் எந்தப் பக்கம் இருந்தது? எத்தனை மாசமாக இந்த வலி? காலையில் லாவண்யாவோடு கதவைச் சாத்திக்கொண்டது தலைப்பைக் குத்திக்கொள்ளக் கை ஏறாததால்தானா? என்னிடம் ஏன் சொல்லவில்லை, இங்கே நின்று ஒரு தடவை அவள் பக்கம் பார்த்திருந்தால் சொல்லாமலே தெரிந்திருக்குமே, லாவண்யாவுக்குத் தெரிந்த மாதிரி... பதினோரு வருஷமாக அவள் என்னைப் பார்க்காமல் இருந்தாள், அது அவள் மரியாதை, நான் அவளைப் பார்க்காமல் இருந்தேனே, அதற்கு என்ன பெயர்? இத்தனையும் தெரிந்த பிறகாவது எரிச்சல் அடங்க வேண்டுமே, அடங்கவில்லை, இடது முனையைப் பிடித்திருக்கிற அந்தக் கைமேல்தான் இன்னும் எரிகிறது, அங்கே நான் நின்றிருக்க வேண்டும்.

ஸ்வெட்டர் பட்டனில் கை வைத்தேன். கழற்றினால் உள்ளே டி-ஷர்ட், சேலையை உருவினால் பேன்ட், அரை நிமிஷ வேலை, வெளியே வந்ததும் தெரிந்துபோகும், காலையிலிருந்தே போட்டுக்கொண்டு வந்தவளுக்குத்தான் இவள் அந்தக் கையைத் தூக்கினாள் என்று. உடை மாற்ற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன், சேலையைக்கூட அவிழ்க்காமல், வேர்த்துக்கொண்டு. கிருஷ்ணப்பா மறுபடி விசில் ஊதினார். வலது முனையை மட்டும் உஷா விடவேயில்லை, அதையும் லாவண்யாவிடம் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

"ஆச்சா ஜானகி?"

முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் கேட்கிறாள், நிழலில் தெரிகிறது. உன் கைக்கு என்ன ஆச்சு உஷா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னும் ஆகலை," என்றேன்.