போகிற மந்திரிக்கு ஒரு மாலை

1

இது கேலிக்கதையாகப் பிறந்திருக்க வேண்டியது. கொழும்பில் பத்திரிகை நடத்தும் நண்பர், "மந்திரிசபையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே, அதை வைத்துச் சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள்" என்றார். எனக்கும் ஆசைதான். ஐம்பதுகளின் கடைசியில், யாரிடம் எந்த இலாகா என்று மந்திரிகளுக்கே குழம்பியிருக்கும். உற்சாகமாக ஆரம்பித்தேன்:

'சுகாதார மந்திரி தூங்கி எழுந்தபோது மீன்பிடி மந்திரியாக இருந்தார். அவருடைய மனைவி உடனே...'

அதற்கு மேல் ஓடவில்லை. மந்திரிசபை என்றதும் எனக்கு நினைவு வருவது பாராளுமன்றம் அல்ல, நானுஓயா ஸ்டேஷனுக்கு எதிரே நஜீம் நானாவின் தேநீர்க்கடை ரேடியோ. அதைச் சுற்றி நின்று கேட்ட தேயிலைத் தோட்டத்து ஆட்களில் ஒருவருக்கும் வோட்டு கிடையாது. சுதந்திரம் வந்த சூட்டோடு அதைப் பிடுங்கிவிட்டார்கள். ஆனாலும் மந்திரிமார் பெயரெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். நம்மை ஏறெடுத்துப் பார்க்காதவரைப் பற்றி நமக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். காதலிலும் அப்படித்தான்.

(கடைசி வாக்கியத்தை அடிக்க நினைத்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.)

2

அந்தக் கூட்டத்தில் பூரணியை நிறுத்தினேன். கொழுந்து பறிக்கிறவள். அவள் புருஷன் ஆண்டியப்பன், தாயின் சாவுக்கென்று இந்தியாவில் துறையூருக்குப் போனவன். திரும்புவதற்குள் இங்கே தங்குவதற்கான அனுமதி காலாவதியாகிவிட்டது. இந்தக் கரையில் இறங்க விடவில்லை. அதிலிருந்து அவன் அங்கே, இவள் இங்கே.

(அவளுக்கு ஒரு குழந்தை கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுத்தால் நீங்கள் சுலபமாக அழுதுவிடுவீர்கள். வேண்டாம்.)

நாட்டுக்குள் வர அனுமதி கொடுக்கும் மந்திரி, ஏப்ரல் குளிருக்கு நுவரெலியா வருகிறார் என்று செய்தி வந்தது. ரயிலில் வந்து இறங்குவது நானுஓயாவில்தான். தோட்டமே மாலை வாங்கி ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள் சாயங்காலம் ரேடியோ சொன்னது: மந்திரிசபை மாறிவிட்டது, அவர் பெயர் அதில் இல்லை. எல்லாரும் கலைந்தார்கள். மறுநாள் காலை பூரணி மட்டும் கதம்பமாலையும் எலுமிச்சம்பழமுமாகக் கடைக்கு வந்தாள்.

"அவர் இப்ப மந்திரி இல்ல தங்கச்சி. நேத்தே தூக்கிட்டாங்க" என்றார் நஜீம் நானா.

"அதான் நானா நல்லது. போற தொரைகிட்டதான் எதையும் கேக்கணும்."

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டே ஆக வேண்டும். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. தோட்டத்தை நடத்தும் துரை மாற்றலாகிப் போகும்போது, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் கடைசிப் பெரட்டில், ஆட்கள் வரிசையாக நின்று மாலை போடுவார்கள். அன்றைக்கு மட்டும் யார் எதைக் கேட்டாலும் அவர் மறுப்பதில்லை. வருகிற துரை அதை மாற்றுவதும் இல்லை. பூரணியின் தோட்டத்தில் மாயாண்டி என்பவருக்கு, லயம் என்கிற வரிசை வீட்டில் கோடிக் காம்பிரா, அதாவது கோடி அறை, அப்படித்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு இரண்டு துரைமார் வந்துவிட்டார்கள், அவர் இன்னும் அதில்தான் இருக்கிறார்.

"தோட்டத்துக்கு அது சரி" என்று நஜீம் நானா இழுத்தார்.

"ஏன் நானா, ஒரு தோட்டத்த ஆளுற தொரைக்கே அந்த மொற தெரியுது. நாட்ட ஆளுறவங்களுக்குத் தெரியாதா?"

நஜீம் நானா அவளுக்கு ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

3

முன்னாள் மந்திரியை முதலில் கெட்டவராக எழுதினேன். 'அவளை அருவருப்போடு பார்த்து, கையை...' அந்த வரியை அடித்துவிட்டேன். பதவி போன மறுநாள், முன்பே ஏற்பாடு செய்த பயணத்தை விட மனமில்லாமல், வரவேற்க ஒரு நாய்கூட இல்லாத ஸ்டேஷனில் இறங்குகிறார். அங்கே ஒரு பெண் மாலையோடு நிற்கிறாள். யாராக இருந்தாலும் உருகித்தான் போவார்.

தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பூரணி கேட்டாள். புருஷன் இந்தியாவில், அவர் வர வேண்டும், அவ்வளவுதான். மாலையைப் பிடித்தபடி அவர் "ஹரி, ஹரி" என்றார். சரி, சரி. அவர் ஏமாற்றவில்லை. அந்த நிமிஷம் அவரிடம் அதிகாரம் இருந்திருந்தால் நிச்சயம் கொடுத்திருப்பார்.

பூரணி தோட்டத்துக்குத் திரும்பித் தன் காம்பிராவுக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

4

இந்தக் கதைக்குள் எல்லா இலாகாவும் என் கையில். ஒரு வரியில் ஆண்டியப்பனைக் கொண்டுவந்துவிடலாம். 'தலைமன்னாரில் கப்பல் நின்றது. ஆண்டியப்பன் தோளில்...'

கை கூசுகிறது. புருஷன் வராமலே போன பெண்கள் இதைப் படிக்க நேர்ந்தால் என் முகத்தில் விழிப்பார்களா?

சரி, வேறு முடிவு. அடுத்த மாற்றத்தில் அதே மனிதர் மறுபடி மந்திரியாகி, மாலையை நினைத்து உருகி... எனக்கே சிரிப்பு வருகிறது. அல்லது ஆண்டியப்பன் அங்கே வேறு கல்யாணம் கட்டிக்கொண்டான். அதுவும் இல்லை. அவன் நல்லவன்.

5

இப்போது 1964 முடிந்துவிட்டது. இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று இரண்டு அரசாங்கங்களும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியாவுக்குப் போகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தோட்டமெல்லாம் பேச்சு. அங்கிருந்து வந்த ஒருவரிடம் ஆண்டியப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறான்: "பேரக் குடுத்துட்டு வந்துரு. கப்பல்ல வர்றவங்கள எறக்குற மண்டபம் கேம்புல நான் வந்து நிக்கிறேன்."

பூரணி மாட்டேன் என்கிறாள்.

"அவரு வர்றதுக்கு மந்திரி சரின்னு சொல்லியாச்சு. நான் அங்க போன நேரம் அவரு இங்க வந்து நின்னா, கதவ யாரு தெறக்கிறது?"

அவளை எழுதியவன் நான். ஆனால் இந்தப் பேச்சை நான் எழுதவில்லை, அவளே சொன்னாள். என்னால் மறுக்க முடியவில்லை. மந்திரியின் அந்தச் சொல் சொன்னபோதே செல்லாத சொல் என்று யாராவது அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் புருஷனிடம் போய்ச் சேர்வாள். ஆனால் இத்தனை வருஷமும் எதை நம்பி இருந்தாள் என்பதும் தெரிந்துவிடும். நஜீம் நானாவுக்கு வாய் வரவில்லை. நானும் இரண்டு தடவை அவள் வாசல் வரை எழுதிக்கொண்டு போய்த் திரும்பிவிட்டேன். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று, அதுதான் காரணம்.

நீங்கள் போங்கள். சொல்வதோ சொல்லாமல் வருவதோ உங்கள் பாடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கதவைத் தட்டாதீர்கள். தட்டினால் அவன்தான் என்று ஓடி வருவாள். வெளியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.