சேவல் நிலை

உட்கார நாற்காலி கேட்டோம். தாய்-சி என்கிற சீன உடற்பயிற்சிக்கு ஒரு மாஸ்டரை அனுப்பினார்கள். பட்டணத்துக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதைதான். "நோகாம நிக்கிறது எப்படின்னு கத்துக்கங்க" என்றார் மேனேஜர். அவருக்கு மட்டும் சுழல் நாற்காலி.

நானும் அக்காவும் சட்டை மடித்துப் பெட்டியில் அடைக்கிறோம். நாள் முழுக்க நின்றபடி. அக்காவுக்கு வலது முட்டி தேய்ந்துவிட்டது. உட்கார்ந்து வேலை செய், இல்லையென்றால் வேலையை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டால் எங்கள் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

மாஸ்டரைக் குறை சொல்லமாட்டேன், தங்கமான மனுஷன். "பலத்தைக் காட்டாதீங்கம்மா. தள்ள வர்றவங்களை எதிர்த்து நிக்காதீங்க, வழி விடுங்க" என்பார். காலமெல்லாம் வழி விட்டே பழகினவர்களுக்கு இதற்கொரு வகுப்பா என்று முணுமுணுத்தேன். அக்காவுக்கோ தாய்-சி பைத்தியமே பிடித்துவிட்டது. அதுவரை அவளை எதற்கும் யாரும் மெச்சியதில்லை. "இந்த அம்மா கையைப் பாருங்க, எவ்வளவு மெதுவா வருது" என்று மாஸ்டர் ஒருமுறை சொல்லிவிட்டார், போதாதா?

நாற்காலி விஷயத்தை முடிவு செய்ய முதலாளியே வருவதாகத் தெரிந்தது.

"அக்கா, அவர் எதிர்ல நல்லா நொண்டி நட. கேட்டியா?"

"சரிடி, சரி."

வந்தார். நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தார். "முதல்ல நம்ம பொண்ணுங்க பயிற்சியைப் பாருங்க சார்" என்று மேனேஜர் பல்லிளித்தார். கையை ஏற்றினோம், இறக்கினோம். பிறகு சேவல் நிலை வந்தது. வலது காலில் மட்டும் நிற்கவேண்டும். நான் வேண்டுமென்றே தடுமாறினேன். அக்கா ஆடவில்லை, அசையவில்லை. அடிப்பாவி!

"போதும்மா, காலை இறக்குங்க" என்றார் மாஸ்டர், மெல்ல. அவருக்கு அந்த முட்டியைத் தெரியும். அக்கா இறக்கவில்லை. முதலாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை தட்டினார். "இவங்களுக்கா நாற்காலி?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். அவர் உட்கார்ந்த நாற்காலியையும் மாடிக்குத் தூக்கிப்போனார்கள்.

மாலையில் பஸ் படி ஏற முடியாமல் அக்கா என் தோளில் தொங்கினாள். முட்டி வீங்கிப் பூசணிக்காயாக இருந்தது. திட்ட வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"நல்லா நின்னேன்ல?"

அவளைத் தாங்கிப் படியேற்றினேன்.

"நல்லாத்தான் நின்னே," என்றேன். "இனிமே சாகிற வரைக்கும் நில்லு."