இடுப்பளவுத் தண்ணீர்

ஒன்பது மாத வயிற்றோடு என்னை என் கணவர் ஜெனோ கைத்தாங்கலாக வள்ளத்தில் ஏற்றியபோது விடிந்துகொண்டிருந்தது. தெருவின் முன்பக்கம் தகரம் அடித்திருந்தார்கள். மூன்று வீடு தள்ளி ஒருவருக்குக் கொரோனா. பின்பக்கம் கடல். அதற்கும் தகரம் அடிக்க எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக இவ்வளவு திருட்டுத்தனம். ஏழாம் மாதமே போயிருக்க வேண்டியது, பஸ் நின்றுவிட்டது. இ-பாஸ் கேட்டால், ஆஸ்பத்திரி தூத்துக்குடியிலேயே இருக்கிறதே என்று தள்ளிவிட்டார்கள். கல்யாணம், சாவு, சிகிச்சை என்று காரணங்கள் இருந்தன. அம்மா என்று ஒன்று இல்லை. துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரிகள் மட்டும் ராப்பகலாக ஓடின. கரியாகப் பிறந்திருக்கலாம் என்றேன். முந்தின இரவு அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்லியிருந்தேன். “வா மக்கா” என்றுதான் அவளும் சொன்னாள்.

வெயில் ஏறும்போது எங்கள் ஊர் மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. கரையில் கூட்டம். என்னைக் கூப்பிடத்தான் வந்திருக்கிறார்கள் என்று கையை வேறு ஆட்டினேன். முன்னால் நின்றது என் தம்பி ஹென்றி.

“எக்கா, அங்கனயே நில்லு. இறங்காத.”

“ஏலே, நாந்தாம்லே!”

“தெரியுது. உங்க தெருவ அடைச்சிருக்கது ஊருக்கே தெரியும். வெளியாள விடக்கூடாதுன்னு முடிவு பண்ணியாச்சு.”

“பிள்ளத்தாச்சிய மறிக்கியே, நீயெல்லாம் மனுசனா?” என்று ஜெனோ கத்தினார்.

அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடலில் இறங்கினாள். சேலை நனைய இடுப்பளவுத் தண்ணீர் வரை வந்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. தம்பியைக் கிழிகிழியென்று கிழிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கையில் பெரிய அலுமினியத் தட்டு, அதில் ஒரு தூக்குவாளி.

“போயிரு மக்கா. தம்பி பிள்ளைங்க சின்னதுங்கள்லா. உன் மாமியா நல்லாப் பாத்துக்கிடுவா.”

“அம்மா, எனக்குப் பயமாருக்கு.”

அவள் தட்டைத் தண்ணீரில் வைத்துத் தள்ளிவிட்டாள். அது ஆடி ஆடி வந்தது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவள் பின்வாங்கிவிட்டாள்.

தூக்குவாளி சூடாக இருந்தது. மீன்குழம்பும் சோறும். விடியுமுன்னே எழுந்து ஆக்கியிருக்கிறாள். நாங்கள் வருவது அவள் ஒருத்திக்குத்தானே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் கரையில் நின்ற கூட்டத்துக்குச் சொன்னது யார்?

வள்ளம் திரும்பியதும் ஒருமுறை பார்த்தேன். அம்மா அங்கேயே குனிந்து நின்று, முழங்கை வரைக்கும் கடல் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.