குடும்பத்தில் யாருக்காவது?

அவரை எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாறுபவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கிக் கொடுக்கும் தொழில். வாலிபத்தில் ஒரு இரும்பு பீரோவை முதுகில் கட்டிக்கொண்டு தனியாளாக மூன்றாம் மாடிக்கு ஏற்றியதில் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது வண்டி ஓட்டுவதும் பாரம் தூக்குவதும் மகள்தான். மகனுக்கு வெளியூரில் வேலை.

சில மாதங்களாக மகளுக்கு அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் வலி. கட்டில், மெத்தை என்று தூக்கி முடித்த பிறகு வண்டிப் படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொள்வாள். ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கோளாறு ஒன்றுமில்லை. கடைசியில் அப்பாவே அவளை வேறொரு டாக்டரிடம் அழைத்துப்போனார்.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். "வீக்கம் எதுவும் கைக்குத் தட்டுப்படல. பெண்களுக்குக் குறைவாத்தான் வரும், இருந்தாலும் கேக்கறேன். உங்க குடும்பத்துல யாருக்காவது குடலிறக்கம், அதான் ஹெர்னியா, இருந்திருக்கா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

இருந்தது. அவருக்கே இரண்டு பக்கமும். ஆபரேஷனுக்குப் போனபோது வெளியூர் லோடு என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தார். அவருடைய அண்ணனுக்கும் இருந்தது. அவர்களின் தகப்பனார் சாகும்வரை இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டே நடமாடியவர். இதெல்லாம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். பெற்ற பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? பீரோவுக்கே குடல் இறங்கிவிட்டது என்று நாலு பேர் சிரிக்கமாட்டார்களா?

"அப்படியெல்லாம் யாருக்கும் இல்லீங்க," என்றார்.

தசைப்பிடிப்பாக இருக்கும் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். வெளியே வந்ததும் அவருக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. "பசிக்குதுப்பா," என்றாள் மகள். சரி, வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். வீட்டில், நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. நாட்கள் அப்படியே ஓடின.

ஒரு நண்பகலில் வாஷிங் மெஷினை மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருந்தவள், சுவரோடு சாய்ந்து வாந்தி எடுத்தாள். வயிறு கல்லாக இறுகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மா வெளியே வந்தார். "குடல் இடுக்குல மாட்டி அழுகத் தொடங்கியிருச்சு. ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டோம். பிழைச்சுட்டா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா சின்ன ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும்."

மனைவி மெல்லத் திரும்பினாள். "நீங்கதான் அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லியிருப்பீங்களே?"

அவரால் நிமிர முடியவில்லை. அங்கேயே, நின்ற நிலையில், டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "என் ரத்தம்தான் அவளை இப்படிப் பண்ணிருச்சு," என்றார்.

"அடிவயித்துச் சுவர் சில குடும்பங்கள்ல கொஞ்சம் பலவீனமாவே வரும். ஒரு ஜீன் இல்ல, பல ஜீன்கள் சேர்ந்து பண்ற வேலை. பெத்தவங்களுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கு வர வாய்ப்பு கூடுதல். ஆனா வந்தே தீரும்னும் இல்ல. அது உங்க தப்பில்லைங்க," என்றார் டாக்டரம்மா.

எது தப்பு என்று அவர் சொல்லவில்லை. பீரோவுக்கு அது புரியாமலும் இல்லை.

மகள் மயக்கம் தெளிந்து பேசத் தொடங்கிய பிறகு அவளிடமும் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டாக்டர் கேட்டப்ப நான் உங்க முகத்தைத்தான் பாத்தேன்பா."

"வெக்கமா இருந்துச்சும்மா."

"எனக்கு வெக்கம் இல்லையா? எத்தனை பேர்கிட்ட படுத்துக் காட்டினேன்!" பிறகு, "அண்ணன்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டார். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"எனக்கும் இருக்குப்பா," என்றான். "இருமினா வெளிய வருது, படுத்தா உள்ள போயிடுது. பீரோ பையனுக்கா இப்படின்னு நீங்க கேட்டுருவீங்களோன்னு சொல்லல."

"நாளைக்கே டாக்டர்கிட்ட போடா. என்னைப் பத்தி எல்லாத்தையும் சொல்லு. வேணும்னா போனை அவர்கிட்டயே குடு, நானே சொல்றேன்."

மகன் முறையாக ஆபரேஷன் செய்துகொண்டு, சீக்கிரமே வேலைக்குத் திரும்பினான். மகளும் தேறினாள். பாரம் தூக்க ஆள் வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் ஓட்டினாள். அப்பாவிடம் பழையபடி பேசினாள், சிரித்தாள். ஆனால் தையல் போட்ட இடத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அவர் செருப்பை மாட்டினால், "அம்மா வரட்டும்பா," என்றுவிடுவாள்.

இருவரும் உள்ளே போவார்கள். அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்.