இன்னொரு விரல்

"இன்னொரு விரல்ல குத்துங்க. இந்தத் தடவை பிழியாம எடுங்க."

நான் சொன்னதும் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வழியெல்லாம் அம்மா வேண்டாமென்று சொல்லிக்கொண்டே வந்தது இதைத்தான்: "அங்க வந்து உன் படிச்ச வாயைத் திறக்காத. மறுபடி குத்துன்னு மட்டும் கேட்டுடாத. கேட்டவளையெல்லாம் வேலைய விட்டு நிறுத்திட்டான்." இந்த ஆஸ்பத்திரித் தரையைப் பல வருஷமாகத் துடைப்பவள் அம்மா. புதிதாக வந்த கான்ட்ராக்ட்காரன், ரத்தம் சரியாக இருந்தால்தான் இனி வேலை என்றுவிட்டான். மேசைமேல் குவளையில் நீலமாக மயில்துத்த நீர். விரலில் குத்தி ஒரு சொட்டு விடுவார்கள். மூழ்கினால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, வேலை; மிதந்தால் சோகை, வீடு. குத்துகிற ஆளுக்குப் பெண்கள் வைத்த பெயர் கொசு.

பினாயிலில் ஊறித் தடித்த விரல் அம்மாவுடையது. அதுவும் சில்லிட்டிருந்தது. லேசில் ரத்தம் வருமா? தீர்ந்துபோன பற்பசைக் குழாயைப் பிதுக்குவதுபோல் கொசு பிதுக்கினான். வந்த சொட்டு மிதந்தது. கல்லூரியில் இதற்கு நுண்குழாய் ரத்த மாதிரி என்று பெயர். விரலைச் சூடாக்கு, முதல் சொட்டைத் துடை, பிழியாதே. எழுதி மார்க் வாங்கினேன். வாங்கிவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

"பிழிஞ்சா சதையில இருக்கிற தண்ணி கலந்துடும்ணே. தப்பாத்தான் காட்டும்."

"டாக்டரம்மாவுக்கு எந்த ஆஸ்பத்திரியோ?" என்றான் கொசு.

வரிசையில் சிரிப்பு. அம்மா மட்டும், "சின்னப் பொண்ணு தம்பி, மனசுல வெச்சுக்காதீங்க" என்று கெஞ்சினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையை என் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தேன். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று கொசு பக்கத்து விரலில் குத்தினான். முதல் சொட்டை நானே துடைத்தேன். அடுத்தது தானாகத் திரண்டது. யாரும் பிழியவில்லை.

நீலத்துக்குள் விழுந்தது. இறங்கியது. இறங்கு, இறங்கு என்று மனசுக்குள் கத்தினேன். பாதியில் தயங்கி நின்றது. பிறகு மெல்ல மேலே வந்துவிட்டது.

இந்தத் தடவை யார் பிழிந்தது? அம்மாவின் கையைப் பார்த்தேன். பசியில்லை, நீ சாப்பிடு என்று தட்டை என் பக்கம் தள்ளுகிற கை அது.

"திருப்தியா? இப்ப உன் விரலை நீட்டு, பாப்போம்" என்றான் கொசு. கேலிக்குத்தான். என் சொட்டு கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "அட, பொண்ணு ரத்தம் நல்லா இருக்கே. அம்மா இடத்துக்கு நீ வர்றியாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வாள், சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யூனிஃபார்ம் என்ன சைஸ்?" என்றார் சூப்பர்வைசர்.

"மீடியம்" என்றேன்.

பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டு வெளியே நடந்தேன். அம்மா கூப்பிட்டாள், திரும்பவில்லை. தாழ்வாரத்தில் யாரோ துடைத்துவிட்டுப் போன தரை இன்னும் காயவில்லை. தடம் பதியாமல் சுவரோரமாகவே நடந்தேன்.